காளமேகத்தின் வெண்பாவை நான்கு அடியாகவே அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், காளமேகப் புலவர் நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் பசியோடு காத்திருந்து பாடிய நகைச்சுவைப் பாட்டு வெளிவந்திருந்தது. பழைய பாட்டு ஒன்றுக்கு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் பாட்டின் கீழே, "மாணவர்களின் எளிமை கருதிச் சில சொற்கள் மாற்றப்பட்டுள்ளன" என்று ஒரு குறிப்பு இருந்தது. அதற்கும் கீழே, "யாப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நகைச்சுவை கதையில்தான் இருக்கிறது" என்றும் எழுதியிருந்தார்கள். இந்தக் கடிதம் அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே எழுதப்படுகிறது. அந்தப் பாட்டின் சிரிப்பு அதன் யாப்பில், அதாவது அசை, சீர், அடி என்று அது கட்டப்பட்ட முறையில் இருக்கிறது. யாப்பை எடுத்துவிட்டால், சோறு தாமதமாக வந்தது என்ற செய்தி மட்டுமே மிஞ்சும். அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நான் நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் அச்சுக்கோப்பவனாக இருந்தவன். ஈய எழுத்துக் காலம் முடிந்த பிறகு, புரூஃப் பார்க்கும் வேலையில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். கல்யாண வாழ்த்து மடல், இரங்கற்பா, கோயில் கொடை நோட்டீஸ் என்று எங்கள் மேசைக்கு வந்த தாள்களில் பாதிக்குமேல் செய்யுள்தான். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். ஆனாலும் ஒரு வெண்பா எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்பது கையெழுத்துப் படியை வாசிக்கும்போதே காதில் இடறும். எங்கள் அச்சகத்தில் மூத்த புரூஃப் திருத்துநர் ஒருவர் இருந்தார். வெண்பா வந்தால் விரலால் மேசையில் தட்டி, சீரையும் அசையையும் பிரித்து அலகிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவார். நான் கற்றது அவரிடம்தான்.

முதலில் பாட்டை அதன் உருவத்தோடு தருகிறேன்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

வெள்ளி என்பது விடியற்காலையில் தோன்றும் விடிவெள்ளி. தங்கள் பக்கத்தில் இது ஏழு சிறு வரிகளாக வந்திருந்தது. "அத்தமிக்கும் போதில்" என்பது "மாலை வேளையில்" ஆகிவிட்டது. "ஓரகப்பை" என்பது "ஒரு அகப்பை" ஆகிவிட்டது. "எழும்" என்பது "எழுந்துவிடும்" ஆகிவிட்டது. "குத்தி" என்ற சொல், தான் நிற்க வேண்டிய இடத்தை விட்டு "உலையிலிட" என்பதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. பொருள் மாறவில்லையே என்று கேட்கலாம். பொருள் மாறவில்லை என்பது உண்மைதான்.

எங்கள் ஊர் நூலகத்தின் வெளித்திண்ணையில் காலையில் சிலர் கூடுவோம். கண்புரை முற்றிய நண்பர் ஒருவருக்கு நாங்கள் முறைவைத்துப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது வழக்கம். அன்று இந்தப் பக்கத்தை வாசித்தவர், அச்சில் இருந்தபடியே வாசித்தார். கேட்டவர், "சரி, சோறு பிந்திவிட்டது. அப்புறம்?" என்றார். அவருக்கு நான் மூலப் பாட்டை நான்கு அடியாகச் சொன்னேன். "இலையிலிட வெள்ளி எழும்" என்ற இடத்தில் தொடையில் தட்டிச் சிரித்தார். இரண்டிலும் செய்தி ஒன்றே. கண் தெரியாமல் காதால் மட்டும் கேட்டவருக்கு ஒன்றில் சிரிப்பு வந்தது, மற்றதில் வரவில்லை. அது ஏன் என்று அடியடியாகச் சொல்கிறேன்.

இது இருவிகற்ப நேரிசை வெண்பா. முதல் இரண்டு அடிகளும் தனிச்சொல்லும் (இரண்டாம் அடியின் கடைசியில் கோட்டுக்குப் பின் நிற்கும் சொல்) ஓர் எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது: கத்து, அத்த, குத்தி. பின்னிரண்டு அடிகள் வேறோர் எதுகை: உலை, இலை. மூன்று அடிகளில் நான்கு நான்கு சீர், ஈற்றடியில் மூன்றே சீர். இவ்வளவும் பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான். இந்தச் சட்டகத்துக்குள் புலவர் எதை எங்கே வைத்தார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

முதல் அடியைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நான்கு சீரும் காய்ச்சீர், அதாவது மூன்று அசை கொண்டு நேரசையில் முடியும் சீர். அதிலும் "சூழ்நாகைக் காத்தான்தன்" என்ற நடு இரண்டு சீரும் தேமாங்காய், அதாவது ஆறு அசையும் ஒரே உயிரொலி கொண்ட நேரசை. நாக்கு அங்கே வேகமாக ஓட முடியாது. கடலைச் சொல்கிறார், ஊரைச் சொல்கிறார், சத்திரத்துக்காரர் பெயரைச் சொல்கிறார். ஒரு வள்ளலைப் புகழப்போகும் பாட்டு இப்படித்தான் தொடங்கும். கேட்பவர் புகழ்ச்சிக்குக் காதைத் தயார்செய்து கொள்கிறார். "கத்து – காத்தான்" என்று முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை (முதல் எழுத்து ஒன்றி வருவது), "கத்து – சத்தி" என்று முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் எதுகை. குறை சொல்ல இடமில்லாத, கம்பீரமான அடி அது.

இரண்டாம் அடியில் பொழுது சாய்கிறது, அரிசி வருகிறது. "அத்தமிக்கும் – அரிசிவரும்" என்று மோனை. அடுத்து வரும் தனிச்சொல் "குத்தி". இந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுவேன். அது ஒரு வினையெச்சம். குத்தி முடித்து என்ன ஆயிற்று என்று வாக்கியம் சொல்லாமல் நிற்கிறது. வெண்பாவைச் சொல்கிறவர் தனிச்சொல்லுக்கு முன்னும் பின்னும் சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் நெல் குத்தப்படுகிறது, நாமும் காத்திருக்கிறோம். "குத்தி உலையிலிட" என்று ஒரே வரியில் ஓட்டிவிட்டால் காத்திருப்பு போய்விடுகிறது. எதுகையும் போய்விடுகிறது. கத்து, அத்த என்று இரண்டு முறை கேட்ட காது மூன்றாவதாகக் குத்தியை எதிர்பார்க்கிறது. அது அடியின் முடிவில் விழுந்தால்தான் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறும்.

மூன்றாம் அடி: "உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை". உ, ஊ, ஓ மூன்றும் மோனையில் ஓரினம். அடியின் முதல் மூன்று சீரிலும் அடுத்தடுத்து மோனை வந்திருக்கிறது. அடியின் கடைசியில் "அன்னம்". அகப்பையில் சோறு எடுத்தாயிற்று. ஆனால் அடி முடிந்துவிட்டது. சோறு இலையில் விழ வேண்டுமென்றால் அடுத்த அடிக்குப் போக வேண்டும். பசித்தவன் கண்முன்னே அகப்பை அந்தரத்தில் நிற்கிறது. அடி பிரிகிற இடத்தையே புலவர் பசியின் அளவுகோலாக்கிவிட்டார். தங்கள் பக்கத்தில் "ஒரு அகப்பை அன்னம் இலையிலிட" என்று ஒரே வரியில் வந்ததால் அகப்பை எங்கும் நிற்கவில்லை, நேராக இலைக்கு வந்துவிட்டது.

இனி உலையும் இலையும். பாட்டின் உச்சம் இந்த எதுகை என்று நான் நினைக்கிறேன். "உலையிலிட ஊரடங்கும்", "இலையிலிட வெள்ளி எழும்": இரண்டும் ஒரே வாக்கிய அச்சில் வார்த்தவை. ஒரு சிறு வேலை, அதற்குள் ஒரு நீண்ட பொழுது. உலையிலிட என்பதற்கும் இலையிலிட என்பதற்கும் இடையில் ஒலியில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. காதுக்கு அவ்வளவு அருகில் இருக்கிற இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு முழுவதும் கழிந்துவிடுகிறது. எதுகை இரண்டையும் சேர்த்து வைக்க, கதை அவற்றைப் பிரித்து வைக்கிறது. உரைநடையில் இதை எத்தனை வரி எழுதினாலும் கொண்டுவர முடியாது.

ஈற்றடி மூன்றே சீரில் முடிகிறது. நான்கு சீர்களுக்குப் பழகிய காதுக்கு அது சட்டென்று நின்றதுபோல் இருக்கும். அதுவும் கடைசிச் சீர் "எழும்" என்ற ஒரே அசை, மலர் என்ற வாய்பாடு (சீரின் அளவைக் குறிக்கும் சொல்). வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். "எழுந்துவிடும்" என்று நீட்டினால் அது கருவிளங்காய் ஆகிவிடும். இலக்கணம் பிழைத்தது ஒருபுறம், விடிந்துவிட்டது என்ற அதிர்ச்சி அங்கே கரைந்துபோகிறது. இதேபோல் "மாலை வேளையில்" என்று மாற்றினால் மாச்சீருக்கு (நேரசையில் முடியும் ஈரசைச் சீர்) பின் நேரசை வந்து ஆசிரியத்தளை, அதாவது ஆசிரியப்பாவுக்கு உரிய சீர்ச் சேர்க்கை ஆகிறது. "ஊரடங்கும் ஒரு" என்றால் காய்ச்சீருக்குப் பின் இரண்டு உயிரொலி கொண்ட நிரையசை வந்து, கலிப்பாவுக்கு உரிய கலித்தளை ஆகிறது. வெண்பாவுக்குள் கலித்தளை நுழையவே கூடாது. மாற்றியவர் நல்ல எண்ணத்தோடுதான் மாற்றியிருப்பார். ஆனால் தொட்ட இடமெல்லாம் ஒரு தூண் இருந்த இடம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வரும், அடங்கும், எழும் என்று பாட்டிலுள்ள வினைமுற்றுகள் மூன்றும் ஒரே வகை. "அன்று தாமதமாக வந்தது" என்று புலவர் சொல்லவில்லை. தினமும் இப்படித்தான் வரும், இப்படித்தான் விடியும் என்று, ஒருநாள் நடந்ததை அந்தச் சத்திரத்தின் நித்திய வழக்கமாக்கிவிட்டார். கோபப்படும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. வெண்பாவுக்கு உரியது செப்பலோசை, அதாவது ஒரு செய்தியை எடுத்துச் சொல்லும் ஓசை. அந்த ஓசைக்குள் ஏளனத்தை வைத்ததால்தான் அது இவ்வளவு ஆழமாகப் பாய்கிறது. தொல்காப்பியர் நகைச்சுவை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காகச் சொன்னார். அந்த எள்ளலுக்கு மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை. வசைபாடக் காளமேகம் என்று உலகம் சொன்னது சும்மா அல்ல.

சத்திரத்துக்காரர் மனம் வருந்தியதால் இதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் புலவர் பொருள் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. ஊரடங்கும் என்றால் ஊர்ப்பசி அடங்கும், வெள்ளி எழும் என்றால் சோற்றின் வெண்மை வெள்ளியைப்போல் விளங்கும் என்று. ஒரு சீரும் மாறாமல் அப்படிப் பொருள் கொள்ள முடிகிறது என்பதே சொற்களைத் தொடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம்.

அடி பிரிப்பு வெறும் அச்சு அலங்காரம் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்தே ஒரு சான்று தர முடியும். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். 1907-இல் சென்னையில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் கலையைச் செய்து காட்டியவர். அவதானத்தில் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது ஒரு வகைச் சோதனை. அவரிடம் ஒருவர் "துருக்கனுக்கு ராமன் துணை" என்று ஈற்றடி கொடுத்தாராம். துருக்கன் என்றால் இஸ்லாமியர். இஸ்லாமியரான பாவலரைத் திணறடிப்பதே நோக்கம். பாவலர் ராமனின் தம்பியரை வரிசையாகப் பாடி, மூன்றாம் அடியின் கடைசியில் "சத்" என்று நிறுத்தினார். அடுத்த அடியோடு சேர்ந்து அது சத்துருக்கன் ஆகிவிட்டது. தம்பிக்கு அண்ணன் துணை. இடலாக்குடியிலும் கோட்டாற்றிலும் இந்தக் கதையைச் சொல்லாத தமிழாசிரியர் இருக்க மாட்டார்.

அந்தச் சிரிப்பு எங்கே இருக்கிறது? மூன்றாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. ஒரு சொல்லைச் சீருக்காக இரண்டாகப் பிரித்து வைப்பதற்கு இலக்கணத்தில் வகையுளி என்று பெயர். பெரும்பாலும் அதைக் குறையாகவே சொல்வார்கள். பாவலர் அதையே வெற்றியாக்கினார். இந்த வெண்பாவைத் தாங்கள் உரைநடைபோல ஓட்டி அச்சிட்டால் "சத்துருக்கனுக்கு ராமன் துணை" என்று ஒரே சொல்லாக விழும். யார் என்ன கண்ணி வைத்தார், அதிலிருந்து இவர் எப்படி வெளியே வந்தார் என்பது தெரியவே தெரியாது.

இன்னும் ஒரு பொருத்தத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். "இலையிலிட வெள்ளி எழும்" என்பது கருவிளங்காய், தேமா, மலர். "துருக்கனுக்கு ராமன் துணை" என்பதும் கருவிளங்காய், தேமா, மலர். நூற்றாண்டுகள் இடைவெளியில் நாகப்பட்டினத்திலும் நாஞ்சில் நாட்டுப் பாவலர் வாயிலும் ஒலித்த இரண்டு ஈற்றடிகள் அசை பிசகாமல் ஒரே அளவில் நிற்கின்றன. இதை மாணவர்கள் தாங்களே அலகிட்டுக் கண்டுபிடித்தால் அவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்! யாப்பு என்றாலே மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிற வாய்பாடு என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு வருகிற பாட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் தேமாவும் புளிமாவும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

எல்லா நகைச்சுவைக்கும் வெண்பாதான் சரி என்று நான் சொல்லவில்லை. நாஞ்சில் நாட்டின் பெரிய நகைச்சுவைச் செய்யுள், தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் மருமக்கள்வழி மான்மியம். மாமன் சொத்து மருமகனுக்கே போகும் மருமக்கள்வழிச் சொத்துரிமையால் மனைவியும் மக்களும் பட்ட பாட்டை, ஒரு காரணவரின் (குடும்பத் தலைவரின்) ஐந்தாம் மனைவி வாய்வழியாகச் சொல்ல வைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது அகவல், அதாவது ஆசிரியப்பா. ஒரு பெண் தன் குறையை மூச்சு விடாமல் கொட்டித் தீர்க்க, எத்தனை அடிக்கு வேண்டுமானாலும் நீளும் அகவலே பொருத்தம். நான்கடிக்குள் அவளை அடைத்திருக்க முடியாது. ஆனால் நூலின் அமைப்பைப் பாருங்கள். மான்மியம் என்று புராணப் பெயர், உள்ளே படலம் படலமாகப் பிரிவு, முதல் படலத்துக்கே கம்பராமாயணத்தில் உள்ள "குலமுறை கிளத்து படலம்" என்ற பெயர். மிதிலையில் இராமனின் குலப்பெருமையை விசுவாமித்திரர் எடுத்துச் சொன்ன படலத்தின் பெயரை, நாஞ்சில் நாட்டு வீட்டுக் கணக்குக்கு வைத்தார். "மாமி அரசியற் படலம்" என்று அடுத்து ஒன்று. காப்பியத்தின் சட்டையை அடுக்களைக்குப் போட்டதில் பிறந்த சிரிப்பு அது. படலத் தலைப்புகளை நீக்கி "பகுதி 1, பகுதி 2" என்று போட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும். காளமேகத்துக்கு அடி எப்படியோ, கவிமணிக்குப் படலம் அப்படி.

ஆசிரியர் அவர்களே, பத்திரிகைப் பத்தி குறுகலானது, ஒரு வெண்பா அடி அதில் அடங்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சங்கடம் எங்களுக்கும் இருந்தது. இரண்டு பத்தி அகலத்தில் வைத்தால் எந்த வெண்பாவும் அடங்கும். அதற்கு இடமில்லையென்றால், அடியின் மிச்சச் சீரை அடுத்த வரியில் வலப்பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். அது புதிய அடி அல்ல, மேலேயுள்ள அடியின் தொடர்ச்சி என்று வாசகர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தனிச்சொல்லுக்கு முன் ஒரு சிறு கோடு போடுங்கள். ஈற்றடி குட்டையாகத் தெரிந்தால் அப்படியே விடுங்கள், அகலம் சரிசெய்வதற்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டி இழுக்க வேண்டாம். கணினியில் இவையெல்லாம் எங்கள் காலத்தைவிட எளிதாகச் செய்யக்கூடியவை.

சொற்கள் கடினமென்றால் பாட்டின் கீழே பொருள் தாருங்கள், பாட்டுக்குள் கை வைக்காதீர்கள். "அத்தமிக்கும்" என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடினமென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கன்னியாகுமரியில் அஸ்தமனம் பார்க்க வருகிற கூட்டத்தைப் பார்த்து வளர்கிறவர்கள் அவர்கள். முட்டத்திலும் குளச்சலிலும் இருக்கிற பிள்ளைகளுக்குக் "கத்துகடல்" என்பதற்கு அகராதி தேவையா? தமிழைச் சிறுபிள்ளைகளுக்கு ஏற்றவாறு சுருக்கிக் கொடுக்கிறோம் என்று எண்ணி, அவர்கள் வாசலில் கிடக்கிற சொல்லையே அவர்களிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

எனது வேண்டுகோள் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தில் இந்த வெண்பாவைப் பழைய சொற்களோடு, நான்கு அடியாக மறுபடி வெளியிடுங்கள். அதன் அருகில் பாவலரின் வெண்பாவையும் முழுவதுமாகச் சரியான பாடம் பார்த்து வெளியிடுங்கள். இரண்டையும் அலகிட்டு அனுப்பச் சொல்லி மாணவர்களைக் கேளுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை புரூஃப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். காலை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு வந்து பார்த்துக் கொடுக்கிறேன். இதற்குக் கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்